கடைமடையில் மென்பொருள் தொழில்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

சொந்தக் காலில் நிற்கும் சிறு மென்பொருள் தொழில் என்று இங்கே குறிக்கப்படுவது, வெளியாரிடம் முதலீடு வாங்காமல், ஒருவரோ ஐந்தாறு பேரோ சேர்ந்து, வாடிக்கையாளர் தரும் பணத்தை மட்டுமே நம்பி மென்பொருள் எழுதி விற்று, விற்றதைப் பராமரித்தும் கொடுக்கும் தொழிலாகும். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களைப் பற்றிய பேச்சில் இதற்கு இடம் கிடைப்பதில்லை. ஆயினும் மயிலாடுதுறை, சீர்காழி, கும்பகோணம், காரைக்கால் போன்ற ஊர்களின் கடைத்தெருக்களில் மருந்துக் கடையின் பில்லும், நகை அடகுக் கடையின் வட்டிக் கணக்கும், பள்ளியின் கட்டண ரசீதும், அரிசி ஆலையின் இருப்புக் கணக்கும் பல இடங்களில் இத்தகைய சிறு நிறுவனங்கள் எழுதிக் கொடுத்த மென்பொருளில்தான் ஓடுகின்றன.

இத்தொழிலைத் தொடங்குவது அவ்வளவு கடினமன்று. ஒரு கணினியும், நிரல் எழுதத் தெரிந்த ஓர் ஆளும், நம்பிப் பணம் கொடுக்கும் முதல் கடைக்காரரும் இருந்தால் போதும். கடினம் ஏழெட்டு ஆண்டுகள் கழித்து வருகிறது. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 அன்று மதிப்புக் கூட்டு வரி வந்தபோதும், 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜி.எஸ்.டி., வந்தபோதும் அதுவரை விற்ற பில்லிங் மென்பொருள்கள் ஒரே நாளில் பழையனவாயின. விண்டோஸ் எக்ஸ்பி பதிப்புக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7 பதிப்புக்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10 பதிப்புக்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. எழுதியவரிடம் எந்தக் குறையும் இல்லாமலே எழுதிய பொருள் செல்லாததாகிவிடும் தொழில் இது. ஆகவே, இன்ன சேவையைத் தருகிறோம் என்ற பட்டியலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி எழுதும் நிறுவனமே நிலைக்கிறது. அப்படித் திருத்தும்போது அடியில் இருக்கும் தேர்ச்சியைக் கைவிடாமல், அதன்மேல் விற்கப்படும் பண்டத்தை மட்டும் மாற்றிக்கொள்வதுதான் சிறு நிறுவனத்துக்கு ஏற்ற வழி என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

மூன்று வகை வருமானம்

சிறு மென்பொருள் நிறுவனத்தின் வரவு மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது உரிமக் கட்டணம். மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமைக்காக வாடிக்கையாளர் ஒருமுறை தரும் தொகை இது. இரண்டாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். கடைத்தெருவில் இதை ‘ஏ.எம்.சி.’ என்றே சொல்வார்கள். ஓர் ஆண்டு முழுவதும் வரும் பழுதுகளையும் சட்ட மாற்றங்களையும் பார்த்துக் கொடுப்பதற்கான கட்டணம் இதில் அடங்கும். மூன்றாவது தனிப்பணி, ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக ஓர் அறிக்கையையோ ஒரு பக்கத்தையோ புதிதாக எழுதிக் கொடுத்து வாங்கும் கூலி அது.

தொடக்கத்தில் உரிமக் கட்டணமே கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதால், நிறுவனம் தன்னைப் பொருள் விற்கும் கடையாகக் கருதிக்கொள்கிறது. ஊரிலுள்ள மருந்துக் கடைகளும் மளிகைக் கடைகளும் ஓர் எண்ணிக்கைக்கு மேல் போவதில்லை என்பதால், சில ஆண்டுகளில் புதிய விற்பனை குறைந்து பழைய வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்புகள் மட்டும் பெருகுகின்றன. வாடிக்கையாளரோ ஏ.எம்.சி.யைத் தேவையில்லாத செலவாகப் பார்க்கிறார். ‘போன வருஷம் ஒரு ரிப்பேரும் வரலையே’ என்பதே புதுப்பிக்கும் வேளையில் வரும் முதல் பதில். பழுது வராமல் இருந்ததே அந்தக் கட்டணத்தின் பயன் என்று எடுத்துச் சொல்ல முடியாத நிறுவனம் ஏ.எம்.சி.யைக் குறைத்துக்கொண்டு, இழந்ததைத் தனிப்பணியால் ஈடுகட்ட முனைகிறது. ஒரு கடைக்கு ஒரு மாதிரி, அடுத்த கடைக்கு வேறு மாதிரி என்று ஒரே மென்பொருள் முப்பது வடிவங்களாகப் பிரிந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். அதன்பின் வரி விகிதத்தில் ஒரு சிறு மாற்றம் வந்தாலும் அதை முப்பது இடங்களில் தனித்தனியே திருத்த வேண்டியிருக்கும்.

தரங்கம்பாடியின் முதல் தொழில்நுட்பப் பட்டறை

திருத்திக்கொண்டு நிலைக்கும் வழி இப்பகுதிக்குப் புதிதன்று. காவிரி டெல்டாவின் கடற்கரை ஊரான தரங்கம்பாடியில் மென்பொருள் வருவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, புதிய தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்து, உள்ளூரின் தேவைக்கேற்ப அதைத் திருத்திக்கொண்ட சிறு பட்டறை ஒன்று இயங்கியது. 1706ஆம் ஆண்டு டேனிஷ் அரசரின் ஆதரவில் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவின் அச்சகமே அது. இலண்டனில் இருந்த கிறித்தவ அறிவு பரப்பும் சங்கம் அனுப்பிய அச்சு இயந்திரம் 1712இல் இவ்வூரை அடைந்தது. ஏற்றி வந்த கப்பல் வழியில் ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. உடன் வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் வந்து சேர்ந்தது, இயக்கத் தெரிந்தவர் வந்து சேரவில்லை. அப்போது ஊரை ஆண்ட டேனிஷ்காரர்களின் படையில் இருந்தவர்களுள் அச்சுத் தொழில் அறிந்த ஒரு சிப்பாயைத் தேடிப் பிடித்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள்.

கையில் தமிழ் எழுத்துகள் இல்லாததால் முதலில் போர்த்துக்கீசிய நூல்கள் அச்சாயின. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. ஆனால் அவை அளவில் பெரியவை. புதிய ஏற்பாடு போன்ற தடித்த நூலை அந்த எழுத்தில் அச்சடித்தால், கடல் கடந்து வரும் விலை உயர்ந்த காகிதம் கட்டுப்படியாகாது. எனவே எழுத்து வார்க்கும் கலை தெரிந்த ஆட்லரைக் கொண்டு, அடுத்துள்ள பொறையாரில் சிறிய அளவில் எழுத்துகள் வார்க்கப்பட்டன. ஈயம் போதாதபோது இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கிக்கொண்டார்கள். 1714இல் நற்செய்தி நூல்களும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறின. 1716இல் ஆங்கிலம் கற்பிக்கும் தாமஸ் டைச்சின் பாடநூலும் இதே அச்சகத்திலிருந்து வெளிவந்தது. பொறையாரில் காகித ஆலை ஒன்றும் தொடங்கப்பட்டது. அது நெடுங்காலம் நீடிக்கவில்லை.

இந்த வரலாற்றைத் தொழில் நடத்துவோரின் கண்கொண்டு பார்த்தால் இரண்டு செய்திகள் தெரிகின்றன. எழுத்தின் அளவைக் குறைத்தது அழகு கருதிச் செய்த வேலையன்று. ஒரு பக்கத்துக்கு ஆகும் காகிதச் செலவே அதை முடிவு செய்தது. இரண்டாவதாக, போர்த்துக்கீசியம், தமிழ், ஆங்கிலம் என்று அச்சிடும் மொழி மாறியபோதும், எழுத்தைக் கோத்து அச்சிடும் தேர்ச்சி மாறாமல் இருந்தது. அந்தத் தேர்ச்சியோடு ஒட்டிய எழுத்து வார்ப்பு நிலைத்தது. முற்றிலும் வேறான காகிதம் செய்யும் தொழிலோ நிலைக்கவில்லை.

முரசு அஞ்சல்: நாற்பது ஆண்டுகளில் மாறிய பண்டம்

தமிழ் மென்பொருளில் இதே போக்கைத் தெளிவாகக் காட்டுவது மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் பணி. 1985இல் அவர் முரசு அஞ்சலை உருவாக்கியபோது அது டாஸ் இயங்குதளத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கிய அக்காலக் கணினிகளில், தமிழ் எழுத உதவும் மென்பொருளாக இருந்தது. விண்டோஸ் பரவியபோது விசைப்பலகையும் எழுத்துருக்களும் சேர்ந்த தொகுப்பாக அது மாறியது. 1990களின் பிற்பகுதியில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியாக்கத்தை வைத்திருந்தது. குறியாக்கம் என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் கணினிக்குள் தரப்படும் எண். இருவரின் எண்கள் ஒத்துப்போகாவிட்டால் ஒருவர் எழுதியது மற்றவருக்குப் புரியாத குறிகளாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாடு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எடுக்கப்பட்ட முயற்சி. தமிழ்99 விசைப்பலகை அங்கிருந்து வந்ததே.

பின்னர் உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யுனிகோடு குறியாக்கம் இயங்குதளங்களுக்குள்ளேயே இடம்பெற்றது. தமிழார்வலர்கள் எ-கலப்பை போன்ற தட்டச்சுக் கருவிகளை இலவசமாக வெளியிட்டார்கள். நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். ரைட்டரும் இலவசமாகவே கிடைத்தது. தமிழ் தட்டச்சு செய்யும் வசதியை மட்டும் பெட்டியில் அடைத்து விற்ற நிறுவனங்களுக்கு இது பெரிய நெருக்கடி. விலையைக் குறைத்தாலும் இலவசத்தோடு போட்டியிட முடியாது. வசதிகளைக் கூட்டினாலும் பெரும்பாலான பயனருக்கு அவை தேவைப்படுவதில்லை.

முரசு அஞ்சல் இந்த நெருக்கடியைக் கடந்த விதம் கவனிக்கத்தக்கது. 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் செல்லினம் என்ற கைப்பேசி மென்பொருள் வெளியிடப்பட்டது. தமிழ் எழுத்துருவே இல்லாத அக்காலக் கைப்பேசிகளில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப அது வழிசெய்தது. திறன்பேசிகள் வந்தபின் அது பயனருக்கு இலவசச் செயலியாகக் கிடைத்தது. இன்னொரு பக்கம், ஆப்பிள் கணினிகளில் இணைமதி எழுத்துருவும், பின்னர் தமிழ் சங்கம் எம்.என். போன்ற எழுத்துருக்களும், அஞ்சல் விசைப்பலகையும் இயங்குதளத்தின் பகுதியாகவே இடம்பெற்றன. எழுத்துருப் பெயர்களின் கடைசியில் வரும் ‘எம்.என்.’ முத்து நெடுமாறன் என்ற பெயரின் முதலெழுத்துகள். தெலுங்கு, கன்னடம், மலையாளம், சிங்களம், கெமர், லாவோ எழுத்துகளுக்கும் அந்தப் பெயரில் எழுத்துருக்கள் உண்டு. தனி மனிதருக்குத் தட்டச்சு வசதி தந்த தொழில், கருவி செய்யும் நிறுவனத்துக்கு எழுத்துரு வழங்கும் தொழிலாகவும் விரிந்தது. வாங்குபவர் மாறினார், பண்டம் மாறியது. தமிழ் எழுத்து திரையில் எப்படி உருக்கொள்ள வேண்டும் என்னும் அறிவு மட்டும் அப்படியே இருந்தது.

டெல்டாவின் கணக்கு

காவிரி டெல்டாவில் பில்லிங் மென்பொருள் எழுதுபவரிடம் இருக்க வேண்டிய அடித்தேர்ச்சி எது என்று கேட்டால், நிரல் மொழி அறிவை முதலில் சொல்ல முடியாது. அதை இன்று எங்கிருந்தும் பெறலாம். நெல்லும் மீனும் நகையும் உரமும் இந்த மண்ணில் எப்படிக் கைமாறுகின்றன என்ற அறிவே அது. அரிசி ஆலையை எடுத்துக்கொள்ளலாம். நெல் மூட்டையாக வருகிறது. அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பொதுவாக 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். தனியார் ஆலையில் ஈரத்துக்கேற்பக் கழிவு பிடிப்பார்கள். அரசுக்காக அரைத்துக் கொடுக்கும் அரவை முகவர் 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசியானால் 67 கிலோவும், புழுங்கலரிசியானால் 68 கிலோவும் திருப்பித் தர வேண்டும். குருணை, தவிடு, உமி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கணக்கு. இந்த வரிசையை அறியாமல் எழுதப்பட்ட பொதுவான இருப்புக் கணக்கு மென்பொருள், ‘நூறு கிலோ வாங்கினீர்கள், அறுபத்தெட்டு கிலோ விற்றீர்கள், மீதி எங்கே’ என்று ஆலைக்காரரையே கேள்வி கேட்கும்.

2022 ஜூலை 18 அன்று, லேபிள் ஒட்டி முன்கூட்டியே பொதியிட்ட 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. அதுவரை பதிவு பெற்ற பிராண்டு அரிசிக்கே பெரும்பாலும் வரி இருந்தது. விரைவிலேயே சந்தையில் 26 கிலோ மூட்டைகள் வந்தன. அளவு 25 கிலோவைத் தாண்டியதால் அவற்றுக்கு அந்த வரி இல்லை. ஒரே அரிசி, ஒரே ஆலை. 25 கிலோ பையில் போட்டால் வரி உண்டு, 26 கிலோ மூட்டையில் போட்டால் இல்லை. பண்டத்துக்கு ஒரு வரி விகிதம் என்று எழுதப்பட்டிருந்த மென்பொருள்களில் அதன்பின் எடையைப் பொறுத்து வரி மாறும்படி அடித்தளத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. இந்த மாற்றம் ஏ.எம்.சி.யில் அடங்குமா, தனிப்பணியாகக் கட்டணம் வாங்கலாமா என்ற வழக்கு அப்போது எழும். ஒப்பந்தத்தில் ‘சட்ட மாற்றம்’ என்ற ஒரு வரியை முன்பே எழுதி, விகிதம் மாறினால் இலவசம், கணக்கிடும் முறை மாறினால் இன்ன கட்டணம் என்று பிரித்துவைத்த நிறுவனத்துக்கு அது வழக்காகவே வராது.

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி.யின் 12, 28 விழுக்காட்டு அடுக்குகள் பெரும்பாலும் நீக்கப்பட்டபோது இந்தப் பிரிவினையின் பயன் தெளிவானது. பல மருந்துகளின் வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. முந்தைய நாள் இரவு கடை அடைத்தபின் மறுநாள் காலை கதவு திறப்பதற்குள் ஆயிரக்கணக்கான மருந்துகளின் விகிதத்தை மாற்றுவது ஒரு வேலை. அது ஒரு பட்டியலை மாற்றினால் முடிந்துவிடும். ஆனால் செப்டம்பர் 20 அன்று விற்ற மருந்தை 24 அன்று திருப்பிக் கொண்டுவரும் வாடிக்கையாளருக்கு எழுதும் வரவுச் சீட்டில் பழைய விகிதமே இருக்க வேண்டும். பில்லின் தேதியோடு விகிதத்தைச் சேர்த்துச் சேமிக்காத மென்பொருள் இங்கே தவறான தொகையைக் காட்டும்.

தரங்கம்பாடிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தெற்கே நண்டலாற்றைக் கடந்தால் காரைக்கால்; அது புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. தமிழ்நாட்டின் ஜி.எஸ்.டி. மாநிலக் குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34. அதனால் பொறையார் கடைக்காரர் சென்னையில் இருக்கும் கடைக்குச் சரக்கு அனுப்பினால் அது மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனை. பக்கத்திலிருக்கும் காரைக்கால் கடைக்கு அனுப்பினால் மாநிலங்களுக்கிடையிலான விற்பனை. முன்னதற்கு வரி மத்திய, மாநிலப் பங்குகளாக இரண்டாகப் பிரியும். பின்னதற்கு ஒருங்கிணைந்த ஒரே வரி. பெருநகரத்தில் எழுதப்பட்ட மென்பொருளில் மாநிலம் கடந்த விற்பனை அரிதான நிகழ்வாகக் கருதப்பட்டு நாலைந்து பக்கங்கள் உள்ளே ஒளிந்திருக்கும். இங்கே அது அன்றாடம். அந்தத் தேர்வை முதல் திரைக்குக் கொண்டுவந்து வைப்பது அரை நாள் வேலைதான். அதைச் செய்யத் தெரிந்ததே உள்ளூர் நிறுவனத்தின் பலம்.

பருவத்தோடு ஒட்டிய கட்டணம்

மாதச் சந்தா முறை, அதாவது உரிமத்தை ஒரே தொகையாக விற்காமல் மாதந்தோறும் கட்டணம் பெறும் முறை, உலகெங்கும் மென்பொருள் தொழிலின் வழக்கமாகிவிட்டது. மாதந்தோறும் சம்பளமோ வரவோ உள்ள வாடிக்கையாளருக்கு அது பொருந்தும். டெல்டாவின் வரவு பருவத்தோடு வருவது. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டால் குறுவை. அதன் அறுவடை புரட்டாசி, ஐப்பசியில். சம்பாவின் அறுவடை தை, மாசியில். உரக்கடைக்காரர் ஆடியிலும் ஆவணியிலும் கடனுக்கு உரம் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அறுவடையை எதிர்பார்த்திருப்பவர். அந்த வேளையில் சந்தாவைக் கேட்டால், கொடுக்க மனமிருந்தும் கையில் இருக்காது. மூன்று மாதம் பாக்கி நின்றதும் மென்பொருள் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி எழுதினால், கடன் நோட்டு மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது அவருக்குக் கிடைக்காமல் போகும். மறு ஆண்டு அவர் காகித நோட்டுக்கே திரும்பிவிடுவார்.

மீன் வியாபாரத்தின் பருவம் வேறு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் ஏலக் கணக்கு மென்பொருளுக்கு அந்த இரண்டு மாதமும் சந்தா கேட்பது முறையாகாது. நிதியாண்டுக்கு ஒத்துவருகிறது என்று ஏப்ரல் 1 அன்று எல்லாருடைய ஏ.எம்.சி.யையும் புதுப்பிக்கக் கேட்பது நிறுவனத்தின் கணக்கருக்கு வசதி. மீன் வியாபாரிக்கோ அது தடைக்காலத்தின் வாசல். ஆலைக்கும் உரக்கடைக்கும் மாசி பங்குனியில், மீன் வியாபாரிக்குத் தையில், பள்ளிக்கு ஜூன் ஜூலையில் என்று புதுப்பிக்கும் தேதியைப் பிரித்துவைத்தால் வசூலும் எளிதாகும், ஆண்டு முழுவதும் வரவும் ஓரளவு சீராகும். இதற்கு ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை. சேவையைத் திருத்துவது எப்போதும் மென்பொருளைத் திருத்துவதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

பாக்கி நிற்கும் இடங்களில் சட்டமும் துணைக்கு வருகிறது. ஒன்றிய அரசின் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையை, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாள்களுக்குள்ளும் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின் விதி. 2023-24 நிதியாண்டு முதல், இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, சேவையைப் பெற்ற வாடிக்கையாளர் அது உண்மையில் செலுத்தப்படும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். பெரிய ஆலையின் ஆடிட்டரே மார்ச் மாதத்தில் சிறு நிறுவனத்தின் பாக்கியை நினைவூட்ட இதனால் வாய்ப்புண்டு.

நேரத்தின் விலை

கட்டணத்தைப் பேசும் சிறு நிறுவனங்கள் பலவும் நேரத்தைக் கணக்கிடுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டாக, 60 வாடிக்கையாளர்கள் ஆளுக்கு 5,000 ரூபாய் ஏ.எம்.சி. தருகிறார்கள் என்று கொள்ளலாம். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். ஒவ்வொருவரும் மாதம் இருமுறை அழைத்து, ஒவ்வோர் அழைப்பும் 20 நிமிடம் பிடித்தால், மாதம் 40 மணி நேரம், ஆண்டுக்கு 480 மணி நேரம்; மணிக்கு 625 ரூபாய் விழுகிறது. அந்த 120 அழைப்புகளில் பத்தில் ஒன்று மட்டும் ‘நேரில் வந்து பாருங்கள்’ என்பதாக முடிந்து, பொறையாரிலிருந்து சீர்காழிக்கோ மயிலாடுதுறைக்கோ போய்வர நான்கு மணி நேரம் ஆனால், மாதம் 12 பயணங்களுக்கு 48 மணி நேரம். தொலைபேசியிலேயே முடியும் 108 அழைப்புகளின் 36 மணி நேரத்தையும் சேர்த்தால் ஆண்டுக்கு 1,008 மணி நேரம். மணிக்குக் கிடைப்பது 300 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிடுகிறது. பத்து அழைப்பில் ஒன்றே வருமானத்தைப் பாதியாக்கிவிடுகிறது, அதுவும் பெட்ரோல் செலவைச் சேர்க்காமல்.

தரங்கம்பாடி வட்டாரம் காவிரியின் கடைமடை. ஆற்றில் வரும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். அங்கே தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவதைப் போலச் சிறு நிறுவனம் தன் நேரத்தை முறை வைத்தே பங்கிட முடியும். காலை நேரம் அழைப்புகளுக்கும் தொலைவிலிருந்து கணினியைத் திறந்து பார்க்கும் ரிமோட் உதவிக்கும், பிற்பகல் நிரல் எழுதவும், வாரத்தில் ஒரு நாள் ஓர் ஊர் என்று நேரடி வருகைக்கும் ஒதுக்கலாம். நேரில் வருவதற்குத் தனிக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் சிலர் முணுமுணுக்கக்கூடும்; கட்டணம் என்றதும் பலர் ரிமோட்டிலேயே பார்த்துவிடச் சொல்வார்கள். பிரிண்டரில் ரிப்பன் மாற்றுவது, வைரஸ் நீக்குவது, ஆதார் அட்டை நகலெடுத்துத் தருவது போன்றவை சேவைப் பட்டியலுக்குள் நட்பின் பெயரால் நுழைந்தவை. அவற்றைப் பக்கத்துக் கணினிக் கடைக்கு அனுப்பிவைப்பதே இருவருக்கும் நல்லது.

விடுவதற்கும் ஒரு முறை

சேவையைத் திருத்துவது என்றதும் புதிதாக எதைச் சேர்ப்பது என்ற எண்ணமே முதலில் எழுகிறது. பெயர் பெற்ற சுயேச்சை நிறுவனங்களின் வரலாறு வேறு திசையைக் காட்டுகிறது. அமெரிக்காவின் சிகாகோவில் 1999இல் வலைத்தளம் வடிவமைக்கும் நிறுவனமாகத் தொடங்கிய 37 சிக்னல்ஸ், தன் பணிகளை ஒழுங்குபடுத்த எழுதிய பேஸ்கேம்ப் மென்பொருளை 2004இல் விற்பனைக்கு விட்டது. பின்னர் வடிவமைப்புப் பணியையே நிறுத்தியது. 2014இல் ஓடிக்கொண்டிருந்த மற்ற மென்பொருள்களை ஒதுக்கிவிட்டு அந்த ஒன்றிலேயே நின்றது, சில ஆண்டுகள் நிறுவனத்தின் பெயரையும் அதுவாகவே வைத்துக்கொண்டது. தஞ்சைப் பகுதியில் பிறந்த ஸ்ரீதர் வேம்பு மற்றவர்களோடு சேர்ந்து 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட், தகவல்தொடர்புக் கருவி செய்யும் நிறுவனங்களுக்கு வலையமைப்பு மேலாண்மை மென்பொருளை விற்றுவந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி இணைய நிறுவனங்களின் சரிவில் அந்த வாடிக்கையாளர்கள் சுருங்கவே, நிறுவனங்களின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுகளை நோக்கியும், 2005 முதல் சோஹோ என்ற பெயரில் இணையவழி அலுவலகச் செயலிகளை நோக்கியும் திரும்பியது. 2009இல் நிறுவனத்தின் பெயரே சோஹோ ஆனது. இன்று அது பெருநிறுவனம். ஆயினும் அந்தத் திருப்பம், நிறுவனம் சிறிதாக இருந்தபோது எடுத்த முடிவுதான்.

விடுவது வாடிக்கையாளரை நடுத்தெருவில் விடுவதாக ஆகிவிடக் கூடாது. நிறுத்தப்போகும் சேவையைக் குறைந்தது ஓர் அறுவடைப் பருவத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிப்பதும், அவருடைய பழைய கணக்குகளை எக்செல் போன்ற பொது வடிவத்தில் முழுமையாக எடுத்துக் கொடுப்பதும், மாற்று மென்பொருள் எது என்று நேர்மையாகச் சொல்வதும் அதன் முறை. அடகுக் கடையின் வட்டிக் கணக்கோ பள்ளியின் கட்டண நிலுவையோ, அந்தத் தரவு கடைக்காரருக்கும் பள்ளிக்கும் உரியது. அதைப் பூட்டிவைத்து வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கும் நிறுவனத்தின் பெயர், சிறிய ஊரில் ஒரு சந்தை நாளைக்குள் பரவிவிடும்.

இப்போதைய திருப்பம்

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரல் எழுதும் வேலையின் பெரும்பகுதியை விரைவாக்கிவிட்டன. ஒரு ரசீதுப் பக்கத்தையோ அறிக்கையையோ எழுத இரண்டு நாள் கூலி வாங்கிவந்த தனிப்பணிக்கு இனி அந்த விலை கிடைக்காது. வாடிக்கையாளரின் மகனே கல்லூரி விடுமுறையில் அதைச் செய்துவிடக்கூடும். யுனிகோடும் இலவசக் கருவிகளும் வந்தபோது தமிழ் தட்டச்சு மென்பொருள் விற்றவர்களுக்கு நேர்ந்ததைப் போன்ற நெருக்கடி இது. கட்டணத்தை நிரலின் நீளத்தில் வைத்திருக்கும் நிறுவனம் இதில் தோற்கும். 26 கிலோ மூட்டைக்கு வரி ஏன் இல்லை, காரைக்கால் பில் ஏன் வேறு, திருப்பி வந்த மருந்துக்கு எந்த விகிதம் என்பதைத் தெரிந்து, தவறினால் நாமே வந்து சரிசெய்வோம் என்று கையெழுத்திடும் நிறுவனத்துக்கோ எழுதும் செலவு குறைவது ஆதாயம்.

ஆகவே சேவைப் பட்டியலைத் திருத்த உட்காரும் சிறு நிறுவனம், பட்டியலின் ஒவ்வொரு வரியையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். இதைச் செய்ய நம்மிடம் மட்டும் உள்ள அறிவு ஏதாவது தேவைப்படுகிறதா? இதற்குச் செலவாகும் நேரத்துக்குரிய விலை, வாடிக்கையாளரின் கையில் பணம் இருக்கும் மாதத்தில் கிடைக்கிறதா? இதை நாளை நிறுத்தினால் அவரது கணக்கு பத்திரமாக அவரிடம் போய்ச் சேருமா? முதல் இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில் வரும் வரிகளை அடித்துவிடலாம். அவ்விரண்டில் ஒன்றுக்கு மட்டும் ‘ஆம்’ என்று வருபவற்றின் விலையையோ தேதியையோ மாற்றலாம். மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், புதிய வாடிக்கையாளரைத் தேடிப் போவதற்கு முன் முதலில் முடிக்க வேண்டிய வேலை அதுதான்.